செவ்வாய் என் கன்னத்தில் இறங்கிய கதை

நம்மைப் பிடித்து ஆட்டுகிற கிரகத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மற்றவர்களுக்கு ஆசை இருக்குமோ என்னவோ, எனக்கு இருந்தது. தோட்ட ஆபீஸில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவன்; என் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பாக்கியத்தின் அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. "சின்னக் கிராணி நல்ல பையன்தான், செவ்வாய்தான் சரியில்ல" என்று பெண் தர மறுத்துக்கொண்டே இருந்தார்.

ஜப்பான்காரன் வந்து எங்கள் ஊரைப் பிடித்திருந்த காலம். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள். கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடி மரமாக வளர்ந்துகொண்டிருந்தது. துரை விட்டுப்போன தொலைநோக்கியையும் கேமராவையும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் அந்தோணி பஞ்சு மூட்டைக்குள் ஒளித்துவைத்திருந்தார். நிலாவில் பள்ளம், சனிக்கு வளையம் என்று நாங்கள் இருவரும் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்துக் கிறுக்குப் பிடித்துப்போயிருந்தோம். (பிடிபட்டால் உளவாளி என்று ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிவிடுவான்; போனவன் திரும்புவதில்லை. தெரிந்தும் விட முடியவில்லை.)

"வர்ற வாரம் செவ்வாய் பூமிக்கு ரொம்பக் கிட்ட வருதுலா. படம் புடிச்சிரலாம்" என்றார் அந்தோணி.

கங்காணியையே கூட்டிவந்து காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அத்தனூண்டு புள்ளிக்கா இத்தனை பயம் என்று அவருக்கே விளங்கிவிடும். படத்தையும் கையில் கொடுத்துவிட்டால், பெண்ணைக் கொடுக்காமல் எங்கே போவார்?

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் என்று பேச்சு. ஆபீஸ் கடிகாரம் ஒன்பது காட்டியதும் கங்காணியோடு போய்விட்டேன். அந்தோணியைக் காணோம். (ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஜப்பான்காரன் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளியிருந்தான். அந்தோணி மட்டும் வீம்புக்குப் பழைய நேரத்திலேயே இருந்தார். அது என் மண்டையில் ஏறவில்லை.)

மாமனாராகப் போகிறவர் முன்னால் காத்திருக்க ரோஷம் விடுமா? ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கிடந்த பஞ்சு மூட்டையை அவிழ்த்து நானே தொலைநோக்கியை நிறுத்தினேன். கிழக்கு மலை உச்சியில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. கண்ணை வைத்தேன். தோஷத்துக்கென்றே செய்த மாதிரி ஒரு சிவப்பு.

"பாருங்க மாமா, மேல ஏறுது. பெரிசாவும் ஆவுது." (மாமா என்று கூப்பிட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.)

கங்காணி வெறுங்கண்ணால் பார்த்தார். "கீழ எறங்கற மாதிரி இருக்கே தம்பி."

"வெறுங்கண்ண நம்பாதீங்க. இது சயின்ஸ்."

கேமராவைப் பொருத்தி, மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, செவ்வாய்க்குக் காலு உண்டா?"

"ஏன் மாமா?"

"நடந்து வருதே."

தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று அந்தோணி முதல் நாளே சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்தது, சிவப்புத் துணி சுற்றிய லாந்தரோடு ஒரு ஜப்பான் சிப்பாய்.

"பக்கேரோ" என்று தன் பாஷையில் திட்டிக்கொண்டே விட்டான் ஓர் அறை. கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டு பேரையும் மண்டியிட வைத்தான். பாக்கியத்தையும் பார்க்க முடியாது, இனிச் சயாம்தான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெகு நேரம் கழித்து, தன் நேரப்படி அந்தோணி சாவகாசமாக வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. குனிந்து கும்பிட்டுவிட்டு மலைக்கு மேலே கையைக் காட்டினார். நிஜச் செவ்வாய் அங்கே நின்றது. அவர் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைக்க, சிப்பாய் கண்ணை வைத்தான்.

"காசெய்" என்றான் மெதுவாக. அவன் பாஷையில் செவ்வாய்க்கு அதுதான் பேராம். பார்த்துவிட்டு எங்களையும் பார்க்கச் சொன்னான். வீங்கிய கன்னத்தோடு பார்த்தேன். உரித்த ஆரஞ்சுப் பழம் மாதிரி, நடுவில் லேசாக ஒரு கறுப்புத் தீற்றல். அங்கேயும் மலை இருக்குமா, மழை பெய்யுமா என்று ஒரு நிமிஷம் அறையைக்கூட மறந்துவிட்டேன். அவன் தொலைநோக்கியையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு, எங்களைப் போகச் சொல்லிவிட்டான்.

 தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கு வந்ததும் கங்காணி நின்று என் கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"செவ்வாய் குடுக்க வேண்டியதக் குடுத்துருச்சு தம்பி. பரிகாரம் ஆயிருச்சு. தை பொறக்கட்டும், கல்யாணத்த வச்சிக்கலாம்."

சயின்ஸ் வாங்கித் தராத பெண்ணை ஓர் அறை வாங்கித் தந்தது. பேரன் பேத்தி எடுத்த பிறகும், நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் இடது கன்னத்தைப் பார்ப்பாள்.

"என்னங்க, தோஷம் திரும்பிருச்சா? இன்னொரு பரிகாரம் பண்ணிரலாமா?"