பாதிப் பாட்டில் ஒரு பொன்னாடை

மேற்கத்திய இசையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை மறைத்துக்கொண்டு ஒரு பாடகியைக் காதலித்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம்.

ஜெனி லண்டனில் மோர்டன் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் பாடுவாள். (நான் மனோர் பார்க் முருகன் கோவில் ஆள். தேவாரத்தோடு சரி.) முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்துபவர் அவளுடைய அப்பா. எங்கள் கல்யாணத்துக்கு அவர் இன்னும் ஓம் சொல்லவில்லை. அந்த வருடம், யேசு பிறந்த நத்தார் நாளுக்கு, ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முந்திய பரோக் காலத்து இசையமைப்பாளர் ஒருவரின் பாடல்களை எங்கள் தமிழ்ச் சனத்தைக் கொண்டே பாடவைக்க, மனுசன் மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்திருந்தார்.

கச்சேரியன்று கோவில் வாசலில் அந்த இசையமைப்பாளரின் படம் இருந்தது. வெள்ளை விக், இரட்டை நாடி. நல்ல சாப்பாட்டுக்காரர் என்று முகமே சொன்னது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறி, கண்பார்வை போன பிறகும் ஓர்கன் வாசித்தவராம். நம்மைப்போல வந்து சேர்ந்த ஆள் என்றதும் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. ஒரு மாலை போட்டு, கையோடு கொண்டுபோன முருகன் கோவில் சந்தனத்தில் பொட்டும் வைத்தேன். (விக்குக்குக் கீழே அம்சமாகத்தான் இருந்தது.)

அதைப் பார்த்து மகிழ்ந்த ஜெனியின் அம்மா எனக்கு ஒரு பொறுப்புத் தந்தார்.

"தம்பி, கடைசியிலை சனமெல்லாம் எழும்பும். உடனை முன்னுக்குப் போய் அங்கிளுக்குப் பொன்னாடையைப் போர்த்திவிடும்."

"ஓம் அன்ரி."

கச்சேரியின் நடுவில் ஒரு கோரஸ் தொடங்கியது. கோவிலே எழுந்து நின்றது. அந்தக் கோரஸுக்கு எழுந்து நிற்பது இந்த ஊர் வழக்கமாம், யார் கண்டது? முடிந்துவிட்டது என்று நான் பொன்னாடையோடு ஓடினேன். ஜெனியின் அப்பா கைகளைத் தாழ்த்திய நேரம் பார்த்துப் பின்னால் இருந்து போர்த்தி, நழுவாதபடி இறுக்கிச் செருகியும் விட்டேன். இரண்டு கைகளும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன.

ஆண்கள் நிறுத்தினார்கள். பெண்கள் தொடர்ந்தார்கள். ஓர்கன்காரர் தன்பாட்டில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். ஜெனி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். (பக்தி அல்ல, வெட்கம்.)

"என்ன தம்பி செய்யிறீர்?"

"மரியாதை, அங்கிள்."

"இன்னும் அரைவாசி கிடக்கு!"

கல்யாணம் கைவிட்டுப் போனது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அழுகை வந்தது. அவரோ பொன்னாடைக்குள் இருந்தபடியே தலையை ஆட்டி ஆட்டி நடத்தினார். குழு பதறிப்போய் அவர் முகத்தையே பார்த்துப் பாடி, மெல்ல மெல்ல ஒன்று சேர்ந்தது. முடிவில் கைதட்டல் ஓயவே இல்லை.

தேநீர் குடிக்கும்போது என்னிடம் வந்தார். பொன்னாடை இன்னும் தோளில்தான் இருந்தது.

"என்னைப் பாத்துப் பாடுங்கோ, என்னைப் பாத்துப் பாடுங்கோ எண்டு எத்தினை மாசமாக் கத்தினனான். ஒருத்தரும் பாட்டுக் கொப்பியை விட்டுத் தலை நிமித்தேல்லை. இண்டைக்குத்தான் எல்லாரும் பாத்தவை." தேநீரை ஒரு வாய் குடித்தார். "உம்மடை அம்மா அப்பாவை ஒருக்கா வீட்டை வரச் சொல்லும்."

இப்போது அவர் என் மாமனார். மோர்டன் கோவில் பூசையில் எல்லோரும் எழும்பும்போது, பக்கத்தில் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். போன கிழமை மறுபக்கமும் ஏதோ இழுத்தது. குனிந்து பார்த்தேன். என் மகளுக்கும் பழக்கிவிட்டிருக்கிறார்.