கணினிக்குள் வந்த திருடன் சட்டி தேய்க்கச் சொன்னான்

'வா' என்பது சின்னச் சொல். வாயைத் திறந்தாலே பாதி வந்துவிடும். அந்தச் சொல்லை என் மனைவியிடம் சொல்வதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்தேன்.

காரணம் இருக்கிறது. மகள் இனெஸுக்குப் பிள்ளை பிறந்ததும் என் மனைவி வஸீலா, மகள் வாழும் மர்செய் நகரத்துக்குக் கப்பல் ஏறினாள். எங்கள் லா கூலெத் துறைமுகத்தில், ஓய்வு பெறும் வரை என்னோடு வேலை பார்த்த சுங்க அலுவலர்கள் காது கேட்க, "நான் இல்லாம எப்படி இருப்பே, மஹ்ரெஸ்?" என்றாள். "ராஜா மாதிரி இருப்பேன்" என்றேன். மீசையைக்கூட லேசாக முறுக்கினேன். சொன்ன சொல்லை ராஜா காப்பாற்ற வேண்டாமா?

பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் வருவதாகத்தான் பேச்சு. நாற்பது கழிந்தது. "பல் முளைக்கட்டும்" என்றாள். பல் முளைத்தது. "தவழட்டும்" என்றாள். இந்தக் கணக்கில் பேரனுக்கு மீசை முளைத்து, அவன் கல்யாணத்தில்தான் நானும் என் மனைவியும் சந்திப்போம் போலிருந்தது.

ராஜாவின் அரண்மனை எப்படி இருந்தது என்கிறீர்களா? பழக்கதோஷத்தில் இரண்டு குவளையில் தேநீர் ஊற்றுவேன். என்னுடையதைக் குடித்து முடிப்பதற்குள் அவளுடையது ஆறிவிடும். ஆறியதையும் நானே குடிப்பேன். "வஸீலா, அந்தக் கதவைச் சாத்து" என்பேன். காற்றடித்துக் கதவு தானே சாத்திக்கொள்ளும். அவள் இருந்த காலத்தில் முதல் தடவை சொல்லி எந்தக் கதவும் சாத்தப்பட்டதில்லை. கண் கலங்கிவிடும்.

மர்செய்க் கப்பல் வரும் நாளெல்லாம் துறைமுக வாசலில் போய் நிற்பேன். கீழ்வீட்டு ஷாதுலி அங்கேதான் பிரிக் பொரித்து விற்கிறான். மாவுத் தாளில் முட்டையை உடைத்து மடித்து எண்ணெயில் விட்டபடியே கேட்பான்.

"என்ன மஹ்ரெஸ், இந்தப் பக்கம்?"

"மீன் வாங்க வந்தேன்."

"மீன் சந்தை அந்தப் பக்கம்."

"தெரியும்."

"எந்த மீனும் கப்பல்ல டிக்கெட் எடுத்துட்டு வராது."

"தெரியும்டா!"

"வான்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"அவளா வரணும்."

"சரி, பிரிக்கைத் தின்னு. மஞ்சக்கரு சட்டையில வழியாமத் தின்னு பார்க்கலாம்."

வழிந்தது. எனக்கு அப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் வழிந்தது.

வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினி உண்டு. இனெஸ் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. மர்செய்யிலிருந்து பேரன் படங்கள் அதற்குத்தான் வரும். பேரனை ஒரு நொடி பார்ப்பேன். பிறகு படத்தின் ஓரத்தில், அவனைப் பிடித்திருக்கும் கையைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். விரலில் மருதாணி மங்கியிருக்கும். சில படங்களில் முழங்கை மட்டும் கிடைக்கும். அதுவும் போதும்.

இனெஸுக்கு அந்தக் கணினியைக் கண்டாலே ஆகாது. மென்பொருள்களில் ஓட்டை தேடுவதுதான் அவள் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"பாபா, அந்தப் படம் பார்க்கிற மென்பொருளைச் செஞ்சவங்களே எப்பவோ கைவிட்டுட்டாங்க. அதோட நினைவகத்துல ஓட்டை இருக்கு. அடைக்க ஆள் கிடையாது."

"என் நினைவுலயும்தான் ஓட்டை. காலையில இருந்து மூக்குக்கண்ணாடியத் தேடுறேன்."

"விளையாடாதீங்க. உங்க பாஷையிலயே சொல்றேன். ஒருத்தன் 'சின்னப் பெட்டிதான்'னு எழுதிக் குடுக்கிறான். சுங்க அதிகாரி அளந்து பார்க்காம, மேசை மேல கொட்டுன்னு சொல்லிடறார். உள்ளே ஒரு லாரிச் சரக்கு. மேசை நிரம்பிப் பக்கத்து மேசையில வழியுது. அங்கதான் மேலதிகாரியோட உத்தரவுத் தாள் இருக்கு. அது மேல திருடனோட தாள் போய் உட்கார்ந்துக்குது. அடுத்து வர்றவர் அதை எடுத்துப் படிச்சு, அப்படியே செய்வார்."

"அளக்காம விட்ட அந்த மடையனை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்!"

"அதேதான் பாபா. அந்த மென்பொருளைத் தூக்குங்க. ஒரே ஒரு படம் அனுப்பினாப் போதும், யாரும் உள்ள வந்துடலாம்."

"இந்த வீட்டுக்கு உங்கம்மாவே வர மாட்டேங்கிறா. திருடன் எதுக்கு வரப்போறான்?"

போனை வைத்த பிறகுதான் மூளையில் மின்னல் வெட்டியது. திருடன் வர வேண்டியதில்லை. வந்ததாகச் சொன்னால் போதும். வஸீலா அடுத்த கப்பலில் ஓடி வருவாள். நான் 'வா' என்று சொன்னதாகவும் ஆகாது. மறுநாளே கூப்பிட்டேன்.

"வஸீலா! கணினிக்குள்ள திருடன் பூந்துட்டான்!"

"என்ன கேக்கிறான்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகவில்லை.

"வந்து... வீட்டம்மா எங்கேன்னு கேக்கிறான்."

"நான் எதுக்கு அவனுக்கு?"

"நேர்ல பேசணுமாம்."

"இங்க வரச் சொல்லு. இனெஸ் தேநீர் போட்டுத் தருவா."

"எனக்குப் பயமா இருக்கு, வஸீலா."

"ராஜாவுக்கு என்னய்யா பயம்? பையன் அழறான், வைக்கிறேன்."

வைத்தேவிட்டாள். அந்தப் பையன் அழாத நேரம் எது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

மறுநாள் காலை பேரன் படம் ஒன்று வந்தது. வழக்கம்போலத் திறந்தேன். கையைத் தேடினேன். கை இல்லை. திரை ஒரு முறை சிமிட்டியது. பேரன் மறைந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஊர்ந்தன.

"நான் உள்ளே இருக்கிறேன்."

என் பொய்க்குக் கை கால் முளைத்துவிட்டது. விசைகளைத் தட்டினேன்: "என்ன வேண்டும்?"

"சமையலறைக்குப் போ. அடிபிடித்த சட்டி கிடக்கிறது. தேய்."

இரண்டு முறை படித்தேன். "எதற்கு?" என்று கேட்டேன்.

பதிலாக ஒரு படம் வந்தது. நான். கணினியின் மேலிருந்த கேமரா எடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வஸீலாவின் நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றி, அதற்குள் முகத்தைப் புதைத்திருக்கிறேன்.

"தேய்க்காவிட்டால் இது சுங்க அலுவலகத்துக்குப் போகும்."

எத்தனை கடத்தல்காரர்களை அதட்டிய கை இது! தேய்த்தது. சட்டியில் என் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்தடுத்து உத்தரவுகள் வந்தன. திரைச்சீலையைத் துவை. மல்லிகைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்று. ரத்த அழுத்த மாத்திரையைப் போடு. ஹரிஸா மிளகாய் விழுதைக் குறை. தாங்க முடியாமல் ஷாதுலியிடம் ஓடினேன்.

"பணம் கேக்கலையா?"

"இல்லடா. கட்டிலுக்கு அடியில கூட்டச் சொல்றான்."

"கூட்டினியா?"

"பின்ன? மூக்குக்கண்ணாடி அங்கதான் கிடந்துச்சு."

"நல்ல திருடனா இருக்கானே! என் வீட்டுப் பக்கமும் அனுப்பேன்."

"உனக்கு விளையாட்டா இருக்கு."

"உன் மூஞ்சியில களை வந்திருக்கு, மஹ்ரெஸ். அதான் சொன்னேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் திருடனுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். எழுந்ததும் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு திரை முன்னால் உட்காருவேன். அவன் ஏவாத நாளில் வீடு மறுபடியும் பாழடைந்து போகும். என்னைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தது. திட்ட ஓர் ஆள் இருந்தது. ஆள் யாரென்றுதான் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் உத்தரவு எதுவும் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"சாப்பிட்டாயா?"

அவ்வளவுதான். என் நினைவகமும் அளவு பார்க்காத நினைவகம்தான். நிரம்பி, வழிந்து, மீசை முறுக்கிய ராஜாவின் உத்தரவுத் தாள் முழுவதும் நனைந்துவிட்டது. போனை எடுத்தேன்.

"வஸீலா."

"சொல்லு."

"வந்துடு."



"என்ன சொன்னே?"

"வா. முடியல என்னால. தேநீர் ரெண்டு குவளை குடிச்சுக் குடிச்சுத் தூக்கம் போச்சு. அன்னிக்குச் சொன்ன திருடன் பொய். நீ வரணும்னு சொன்னேன். ஆனா இப்ப நிஜமாவே ஒருத்தன் வந்திருக்கான். சத்தியமா! சாப்பிட்டியான்னு கேக்கிறான்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

போனில் டக், டக் என்று விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. என் கண் எதிரே, கறுப்புத் திரையில், அதே தாளத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அப்போ போய்ச் சாப்பிடு, கழுதை."

உலகத்தில் என்னைக் 'கழுதை' என்று அவ்வளவு அன்பாகச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

"வஸீலா! நீயா?"

"நான் எழுதறது மட்டும்தான். உள்ள நுழைஞ்சது உன் பொண்ணு."

இனெஸ் போனை வாங்கினாள். அவள் குரலில் சிரிப்பில்லை.

"பாபா, அந்த ஓட்டை வழியா நான் வந்தப்போ, எனக்கு முன்னாடியே வேற ஒருத்தன் உள்ள இருந்தான். யாருன்னு தெரியல. உங்க பேர்ல ஊரெல்லாம் களவுப் படம் அனுப்பிட்டு இருந்தான். திறக்கிறவங்க கணினியிலயும் பூந்துக்கிற படம். அவனைத் துரத்திட்டேன். நீங்க பொய்யா ஒரு திருடனைச் சொன்ன அன்னிக்கு, நிஜத் திருடன் அங்கதான் உட்கார்ந்திருந்தான்."

அளக்காமல் விட்ட மடையனை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று சொன்னவன் நான். மறுபேச்சில்லாமல் கம்பியைப் பிடுங்கினேன். இனெஸ் சொன்னபடி, கணினியைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்டினேன். பேரனின் படங்கள், ஓரத்துக் கைகளோடு, தன்னிடம் பத்திரமாக இருப்பதாகச் சொன்னாள்.

அடுத்த மர்செய்க் கப்பலில் வஸீலா வந்தாள். நான் மீன் வாங்கப் போகவில்லை. நேராக வாசலில் நின்றேன். படியில் இறங்கி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னேன்.

"நான் வான்னு சொன்னதும் வந்துட்டே, வஸீலா. இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்."

"நீ சொன்னதாலயா?" என்று கைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். "உன் பொய்த் திருடன் வர்றதுக்கு முன்னாடியே இதை எடுத்தாச்சு."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா," என்றாள் வஸீலா, "நான் வந்துதானே எல்லாத்தையும் தேய்க்கணும்?"