மாண்புமிகு வந்தபோது தண்ணீர் இல்லை

தெலோக் கெராங் பட்டணத்தில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். சட்டமன்ற உறுப்பினர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஏறுவார். இறங்கியதாகப் பதிவில்லை.

கடலுக்கும் பட்டணத்துக்கும் நடுவே ஒரு மண்கரை. கரையில் ஓர் இரும்பு மடைக் கதவு. அது துருப்பிடித்துப் பாதியில் நின்று பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கரையோரத்து மூன்றாம் லோரோங் என்ற சந்தில் பதினொரு வீடுகள் இருந்தன. கடைசி வீட்டுக்காரி இராஜம்மா, வாசலில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றுப் பிழைப்பவள். பெரிய பெருக்கு நாட்களில் காலை ஏழு நாற்பதுக்குக் கடல் அவள் வீட்டுக்குள் முழங்கால் உயரம் நிற்கும். பத்தரைக்குள் தானே வெளியேறிவிடும். ஐஸ்பெட்டிக்கு அடியில் ஆறு செங்கல் வைத்திருந்தாள். ஏழாவதை வைத்தால் மேல்கதவு அவள் கைக்கு எட்டாது. ஆண்டுக் கடைசியில் வரும் பெருக்குக்கு ஆறு செங்கல் போதாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்குள் கதவைச் சரிசெய்ய வேண்டும்.

சம்பந்தப்பட்ட இலாகா மறுக்கவே இல்லை. ஒரே ஒரு தாள்தான் கேட்டது: வெள்ளத்தை வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர் நேரில் கண்டதற்கான பார்வை அறிக்கை.

எட்டு மணிக்கு வருவதாக இருந்த மாண்புமிகு ராதாகிருஷ்ணன், ஊர்வாயில் 'ஒய்பி', பத்து ஐம்பதுக்கு வந்தார். வழியில் கிள்ளானில் ஒரு பபிள் டீ கடை, காப்பாரில் ஒரு புருவம் திருத்தும் கடை, இரண்டையும் திறந்துவைத்து மாலை வாங்கிக்கொண்டு வர அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"தண்ணி எங்கக்கா?"

"போயிருச்சு ஒய்பி. காலையில முட்டி வரைக்கும் நின்னுச்சு. சுவத்துல கோடு பாருங்க."

"கோடு தெரியுது. தண்ணி தெரியலையே."

"எட்டு மணிக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நான் வரேன்னு தெரிஞ்சதும் ஓடிருச்சு, பாத்தீங்களா?" என்று சொல்லி மாண்புமிகு சிரித்தார். கூட வந்த இருபத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கார்த்திகேசுவும் தட்டினார்.

"நீங்க எதுக்குண்ணே தட்டுறீங்க? உங்க மெத்தை இன்னும் கொடியில காயுது."

"ஒய்பி சிரிச்சா தட்டிரணும் லா. இல்லன்னா நம்ம முகத்த ஞாபகம் வெச்சுக்குவாங்க."

மாண்புமிகுவின் சிறப்பு அதிகாரி ஷாமினி கையிலிருந்த பலகைக் கணினியில் எழுதினாள்: "முதல் பார்வை. தண்ணீர் இல்லை."

இரண்டாம் பார்வைக்கு இரண்டு மணி ஐம்பது நிமிடம் தாமதம். தண்ணீர் இல்லை. மூன்றாவதுக்கு மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் அறவே இல்லை.

மூன்று அறிக்கைகளையும் தலைநகரில் சேர்த்துப் படித்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மாண்புமிகு கால் வைத்த இடத்தில் வெள்ளம் நிற்பதில்லை. மற்றத் தொகுதிகளிலிருந்தும் அழைப்பு வந்தது. எல்லா ஊருக்கும் தாமதமாகவே போனார், எல்லா ஊரிலும் வடிந்திருந்தது. அடுத்த மாநில ஆட்சிக்குழு மாற்றத்தில் பேரிடர் தடுப்புப் பொறுப்பு அவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் "வருகைவழி வெள்ளத் தணிப்பு" என்ற பயிலரங்கும் நடந்தது.

இராஜம்மா கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி அங்கே போனாள். மாண்புமிகு கன்னத்தோரம் ஒட்டிய மைக்குடன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இப்போது உட்கார்ந்து பேசுகிறவர்களை யாரும் நம்புவதில்லை.

"எல்லாம் எனர்ஜி! தண்ணிக்கும் எனர்ஜி தெரியும்!"

பதினேழு பொன்னாடை முடிந்ததும் கேள்வி நேரம் வந்தது. இராஜம்மா எழுந்தாள்.

"ஒய்பி, உங்க எனர்ஜி பத்து ஐம்பதுக்கு வருது. கடல் ஏழு நாப்பதுக்கு வருது. ஒரு நாளைக்கு ஏழரைக்கு வாங்களேன்."

ஷாமினி அவளை மெல்ல வெளியே கூட்டிப்போனாள்.

"ஆன்டி, அது புரோட்டோக்கால் இல்ல. பிரமுகர் வந்த பிறகுதான் நிகழ்ச்சி தொடங்கணும். முன்னாடியே வந்து காத்திருந்தா பதவிக்கு என்ன மரியாதை?"

"கடலுக்கு அது தெரியாதேம்மா."

"தெரியப்படுத்திட்டோம். பெருக்கு அட்டவணை போடுற ஆபீசுக்குக் கடிதம் அனுப்பியாச்சு. பத்தே முக்காலுக்கு மாத்தித் தரச் சொல்லி."

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. இந்த ஆண்டு அட்டவணை அச்சாகிவிட்டதால் மாற்ற இயலவில்லை. அடுத்த ஆண்டுக்கு ஆகஸ்டுக்குள் விண்ணப்பிக்கலாம்.

ஷாமினி கெட்டவள் இல்லை. இன்னொரு வழி சொன்னாள். "தண்ணிய கொஞ்சம் பிடிச்சு வைங்க ஆன்டி. ஒய்பி பாத்துட்டு கையெழுத்து போட்டதும் விட்டுருங்க."

அப்படியே செய்தார்கள். கடல் உச்சத்துக்கு ஏறிய நிமிடத்தில், பதினொரு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மடைவாயை இருநூற்றுப் பன்னிரண்டு மணல் மூட்டையால் அடைத்தார்கள். வெளியே கடல் இறங்கிப் போனது. உள்ளே வந்த தண்ணீர் போக வழியின்றி நின்றது. இராஜம்மா சாப்பாட்டு மேசைமேல் சம்மணமிட்டு மூன்று மணி நேரம் தன் வீட்டு வெள்ளத்துக்குக் காவல் இருந்தாள். எப்போது போகும் என்று பார்த்த தண்ணீரை, போய்விடப் போகிறதே என்று பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பத்து ஐம்பத்தைந்துக்கு மாண்புமிகு வந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. முகம் மாறிவிட்டது. ஆட்சிக்குழு அறிவிப்புக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நேரலையில் ஆயிரத்து நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துட்டீங்களா ஒய்பி?" என்று இராஜம்மா மேசைமேலிருந்தே தாளை நீட்டினாள்.

மாண்புமிகு தாளைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தார்.

"அந்த மூட்டைய யாரு அடுக்குனது?"

"நாங்கதான். உங்களுக்காக."

"அப்ப வெள்ளத்துக்குக் காரணம் யாரு?"

"கடல்."

"கடல் போகத்தான் பாத்திருக்கு. நீங்கதானே விடல!" அவர் கேமரா பக்கம் திரும்பினார். "எடுங்க மூட்டைய!"

எடுத்தார்கள். இருபத்தாறு நிமிடத்தில் தண்ணீர் முழுதும் வடிந்தது. கைதட்டல் காப்பார் வரை கேட்டிருக்கும். கார்த்திகேசு தட்டினார். மேசையிலிருந்து இறங்கி, தண்ணீர் வடிந்த தரையில் கால் வைத்தபோது, இராஜம்மாவும் தன்னையறியாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டாள்.

"நான்காம் பார்வை. குடியிருப்பாளர்கள் உண்டாக்கிய வெள்ளம். மாண்புமிகு தலையிட்டு அகற்றினார்." பதினொரு வீட்டுக்கும் நீரோட்டத்தைத் தடுத்த குற்றத்துக்கு நோட்டீஸ் வந்தது. மூன்று வாரத்தில் ராதாகிருஷ்ணன் பேரிடர் தடுப்பு ஆட்சிக்குழு உறுப்பினரானார். ஆண்டுக் கடைசிப் பெருக்கு ஆறு செங்கலையும் தாண்டி ஏறியது. ஐஸ்பெட்டி செத்தது.

இராஜம்மா இலாகாவுக்குப் போனாள். முகப்பில் இருந்த பெண் கோப்பைப் புரட்டிப் பார்த்து, மிகுந்த கனிவோடு சொன்னாள்: "ஒரே உறுப்பினர் ஆறு தடவை பார்வையிட்டா, தண்ணி இல்லாட்டியும் ஃபைல் தானா மேல போயிரும் அக்கா. உங்களுக்கு நாலு முடிஞ்சிருக்கு."

அடுத்த மாதம் மாநிலத் தேர்தல். பள்ளிக்கூட வாசலில் ஓட்டு வரிசை நின்றது. இராஜம்மாவுக்குப் பின்னால் கார்த்திகேசு.

"யாருக்கு அக்கா?"

"யாருக்குன்னா? புது ஆளு வந்தா முதல் பார்வையிலேர்ந்து தொடங்கணும். இவருக்கு இன்னும் ரெண்டுதான் பாக்கி."

"நானும் அதைத்தான் நெனச்சேன்."

அவருக்குப் பின்னால் நின்றவரும் அதைத்தான் நினைத்திருந்தார். அந்த வரிசையில் வேறு மாதிரி நினைத்தவர் அதிகம் இல்லை.

"எதுத்து நிக்கிறது யாரோ குகனாம், இஞ்சினியராம்" என்றார் கார்த்திகேசு. "ஒரு நாளாவது நம்ம லோரோங்க எட்டிப் பாத்தானா?"

"ஓட்டு மட்டும் வேணும் அவனுக்கு" என்றாள் இராஜம்மா.

குகன் மூன்று முறை வந்திருந்தான். மூன்று முறையும் காலை ஏழு நாற்பதுக்கு, மாலையில்லாமல், கேமராவில்லாமல், ஓர் அளவுநாடாவோடு. அந்த நேரத்தில் லோரோங்கில் எல்லாரும் சாமான் தூக்கிக்கொண்டிருந்ததால் வந்தவன் யாரென்று கேட்க ஒருவருக்கும் ஓய்வில்லை. மூன்றாம் முறை, ஆண்டுக் கடைசிப் பெருக்கில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இராஜம்மாவின் அரிசி மூட்டையை ஒரு பக்கம் பிடித்து மேசைமேல் ஏற்றினான். அவள் அவனைக் கார்த்திகேசுவின் மருமகன் என்று நினைத்து, மூலை நனைந்துவிட்டதற்காக நன்றாகத் திட்டி அனுப்பினாள்.