பூதத்தைக் கொல்ல நாற்பத்தோரு மணி நேரம்

மெட்ராஸ் கப்பல் கிளம்ப இன்னும் நாற்பத்தோரு மணி நேரம் இருந்தது. இந்திராணியின் நாவலில் பூதம் இன்னும் சாகவில்லை.

புதன்கிழமை மாலை ஐந்து மணி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கப்பல். தபால் பையை ஒன்பதுக்கே கட்டிவிடுவார்கள். அதை விட்டால் அடுத்த கப்பல் பதினெட்டு நாள் கழித்துத்தான். மெட்ராஸில் சிறுவர் நாவல் போட்டி வைத்திருந்த பதிப்பகம் அதுவரை காத்திருக்காது. கையெழுத்துப் பிரதியும் வாங்காது. எல்லாம் தட்டச்சில் இருக்க வேண்டும்.

பத்து அத்தியாயம் தட்டச்சாகி வந்துவிட்டன. பதினோராவதுதான் பாக்கி. அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ குவார்ட்டர்ஸில், சமையலறையை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து இந்திராணி அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்திராணி பி.எஸ்ஸி. விலங்கியல். அரசு அலுவலகம் ஒன்றில் மீன் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, மீனுக்கு என்ன வயது என்று சொல்வது அவள் வேலை. எதிரில் நிற்கும் மனிதரிடம் மணி என்ன என்று கேட்கத்தான் அவளுக்கு நா எழாது.

நாவலின் பெயர் 'பெட்டிக்குள் ராஜகுமாரி'. அதில் பாதி நடந்த கதை. 1949-இல் பர்மாவில் உள்நாட்டுப் போர். இன்செயின் என்ற ஊரில் ஒரு பக்கம் சர்க்கார் படை, மறுபக்கம் தனிநாடு கேட்ட கரேன் இனத்தார் படை, நடுவில் தமிழர் வீடுகள். குண்டு படாமலிருக்கட்டும் என்று அம்மா ஜெயமணி மூன்று வயது இந்திராணியைத் தகரப் பெட்டிக்குள் உட்கார வைத்தாள். மூச்சு விட, மூடியில் ஒரு விறகுச் சில்லைச் செருகிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். திரும்பி வந்தால், எவனோ பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தான்.

அம்மா சொன்னது இவ்வளவுதான். "அப்புறம்?" என்று கேட்டால், "அப்புறம் என்ன, கெடச்சுட்ட. வந்துட்டோம். போய்ப் பல்லு வெளக்கு" என்பாள்.

மீதிப் பாதி இந்திராணி சேர்த்தது. பெட்டிக்குள் இருந்தவள் ராஜகுமாரி. பாச்சை உருண்டைகள் அவளோடு பேசின. தூக்கிக்கொண்டு ஓடியவன் பனைமர உயரப் பூதம்.

திருடனைப் பூதமாக்கியதற்குக் காரணம் இருந்தது. இருட்டு, பாச்சை உருண்டை வாசம், குலுக்கல், வெளியே புஸ் புஸ்ஸென்று ஒரு மூச்சு. அவள் நினைவில் நின்றது அவ்வளவே. இருபத்து மூன்று வயதாகியும் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க அவளுக்குப் பயம். தாளில் அந்தப் பூதத்தைக் கொன்றுவிட்டால் அந்த மூச்சும் நின்றுவிடும் என்று நம்பினாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"முடிஞ்சுதா பாப்பா?" என்று கேட்டபடி அப்பா கோவிந்தராஜ் வந்தார்.

கப்பல்துறையில் அவர் கூலி மேஸ்திரி. இரண்டு ஆள் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவார். ஆனால் யாருடைய டிரங்குப் பெட்டியானாலும் திறந்து பார்க்காமல் தொடமாட்டார். பயணிகள் ஹிந்தியிலும் வங்காளியிலும் திட்டுவார்கள். "பாம்பு கீம்பு இருக்கும் சாப். தேக்கே உட்டாயேகா, பாத்துட்டுத்தான் தூக்குவேன்" என்பார். பார்த்த பெட்டியில் காதிடுக்கிலிருந்து, எச்சில் பட்டால் ஊதாவாகும் பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, ஊதா நிறத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான் தூக்குவார்.

"முடிஞ்சுதுப்பா. பூதம் ஆத்துல முழுகிச் செத்துடுது."

கோவிந்தராஜ் தாளை வாங்கி உதடசைத்துப் படித்தார். முகம் வாடியது.

"செத்தே ஆகணுமா?"

"கொழந்தையத் திருடினவன்ப்பா."

"உள்ள கொழந்தை இருக்கறது தெரியாமத் தூக்கியிருக்கலாமில்ல?"

"பூதத்துக்கு எல்லாம் தெரியும்ப்பா."

"ஒண்ணும் தெரியாத பூதமும் இருக்கும்" என்றார் அவர், சற்று ரோஷத்தோடு.

"அது கெடக்கட்டும். அன்னிக்குப் பெட்டி திருட்டுப் போனப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்திராணிக்குத் தெரிந்து போர்ட் பிளேரில் தமிழ்த் தட்டச்சு எந்திரம் ஒன்றே ஒன்று. அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாகுல் ஹமீது, மனு எழுதவும் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் அதை வைத்திருந்தார். கடைக்குப் போய்ப் பேசக் கூச்சப்பட்ட இந்திராணி எல்லா அத்தியாயத்தையும் அப்பா மூலமாகவே அனுப்பினாள். பூதம் சாதுவாக ஓடிக்கொண்டிருந்த பத்து அத்தியாயம் வரை ஒரு குறையும் இல்லை.

அன்று விளக்கு வைத்ததும் பதினோராவது வந்தது. இந்திராணி கடைசிப் பத்தியைப் படித்தாள்.

'பூதம் ஆற்றில் முழுகியது. ஆனால் அதற்கு நீச்சல் தெரியும். கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டது.'

"சாகுல் பாய் மாத்திட்டாருப்பா!"

"அவருக்கு எளகின மனசு" என்றார் கோவிந்தராஜ், கூரையைப் பார்த்துக்கொண்டு.

போய்ச் சண்டை போட இந்திராணியால் முடியாது. மறுபடி எழுதினாள். இந்தத் தடவை தண்ணீரே இல்லை. சர்க்கார் படை அந்தப் பக்கமிருந்தும் கரேன் படை இந்தப் பக்கமிருந்தும் சுட, நடுப்பாலத்தில் பூதம் விழுந்தது. வரலாறும் வந்தாயிற்று, பூதமும் போயாயிற்று. காலையில் அதைக் கொடுத்தனுப்பிவிட்டு அலுவலகம் போனாள்.

அங்கே தலைமை எழுத்தர் கிருஷ்ணமூர்த்தி அவளுடைய பத்து அத்தியாயப் பிரதியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரசு ஊழியர் புத்தகம் எழுதினால் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு அவர் கையில்.

"மிஸ் இந்திராணி, பூதத்தப் பத்தி எனக்கு ஆட்சேபணை இல்ல. எங்க வீட்லயும் பசங்க இருக்காங்க. இந்தப் போர் எதுக்கு?"

"நடந்தது சார்."

"நடந்ததையெல்லாம் எழுதுவாங்களா? பர்மா நம்ம சிநேகித நாடு. இங்க மாயாபந்தர் பக்கம் பூரா கரேன் ஜனங்க. பாலத்த சர்க்கார் படை எரிச்சுதுன்னா பர்மாக்காரங்களுக்குக் கோபம். கரேன் படைன்னா இங்க இருக்கறவங்களுக்கு வருத்தம். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தாம்மா பாக்கி."

குழந்தைகளுக்குப் பூதமும் வேண்டும், பாலத்தை எரித்தது மனிதர்கள்தான் என்பதும் தெரிய வேண்டும் என்று இந்திராணி சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"அப்ப பாலத்த யார் எரிச்சதா எழுதறது சார்?"

கிருஷ்ணமூர்த்தி விட்டத்தைப் பார்த்து யோசித்தார்.

"பூதம் சும்மாதானே இருக்கு?"

மத்தியானத்துக்குள் இரண்டு படையும் கதையை விட்டு வெளியேறின. அவர்கள் செய்ததையெல்லாம் பூதம் செய்தது. பாலத்தை எரித்தது, தண்டவாளத்தைப் பெயர்த்தது, ஆஸ்பத்திரிக் கூரையைப் பிய்த்தது. அனுமதிச் சீட்டு கிடைத்தது.

சாப்பாட்டு வேளையில் கோவிந்தராஜ் தட்டச்சுப் பக்கத்தோடு வந்தார். 'குண்டுகள் பூதத்தின்மேல் பட்டுத் தெறித்தன. பூதத்தைக் குண்டு துளைக்காது என்பது இரு படைக்கும் தெரியாது.'

"அதுல தப்பில்லியே பாப்பா. பூதத்தக் குண்டு எப்படித் துளைக்கும்? நீ சயின்ஸ் படிச்சவ."

"சுடறதுக்கு இப்ப படையே இல்லப்பா. பூதம் தானே வெச்ச தீயில தானே எரிஞ்சு போகுது. இதயும், படைய எடுத்த மத்த பக்கத்தையும் அடிக்கக் குடுங்க."

அவர் படித்தார்.

"பாலத்தையும் இவன்தான் எரிச்சானா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரி?"

"அதையும்."

"அடப்பாவி, பெட்டியையும் தூக்கிட்டு, தண்டவாளத்தையும் பேர்த்துக்கிட்டு... ஒரு ஆளு எவ்வளவுதான் பண்ணுவான்! இது அநியாயம் பாப்பா. அவனுக்கு வக்கீல் வெச்சுப் பேசக்கூட ஆளில்ல!"

சாப்பாட்டு வரிசையில் நின்ற பியூன்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்திராணி வெட்கத்தில் தாளைத் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

ஐந்து மணிக்கு, வீட்டு மேசையில் புதுப் பக்கங்கள் இருந்தன. அப்பா கப்பலுக்குச் சரக்கு ஏற்றப் போய்விட்டிருந்தார். விடிந்துதான் வருவார்.

'அந்த நேரம் பார்த்துப் பெருமழை பெய்தது. தீ அணைந்தது. பூதம் திருந்தி, ஆற்றோரம் டீக்கடை வைத்துப் பிழைத்தது.'

இந்திராணி டீக்கடையை மூன்று தடவை படித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள்.

பாதி வழியிலேயே கோபம் கரைந்துவிட்டது. கடைக்குள் நுழைந்தபோது, "ஒரு கர்ச்சீப் வேணும்" என்றுதான் சொன்னாள்.

"நீ கோவிந்தராஜ் மேஸ்திரி மகளா? ஒக்காரும்மா" என்றார் சாகுல் ஹமீது. "என்னா கத எழுதுற! நான் அடிக்க அடிக்க, வீட்ல அப்புறம் என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டு உயிர வாங்குறாங்க."

"நீங்க ஏன் பாய் மாத்துறீங்க?"

"நானா? அல்லா மேல ஆணையா ஒரு புள்ளிகூட மாத்தல. வந்தத அடிச்சேன். இந்தா பாரு."

மேசையிழுப்பறையிலிருந்து அவள் கையெழுத்துத் தாள்களை எடுத்துப் போட்டார். அவள் வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில், பெரிய பெரிய எழுத்தில், வேறு வரிகள். நீச்சல், குண்டு, மழை, டீக்கடை. எல்லாம் ஊதா. அடித்த இடத்திலெல்லாம் பெருக்கல் குறி.

"மொதல்ல நீந்திப் பொழச்சுது. அப்புறம் டீக்கட வெச்சுது. நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கிடும்னு நானே எதிர்பார்த்துட்டு இருக்கேன்" என்று சிரித்தார் சாகுல் ஹமீது.

இந்திராணி சிரிக்கவில்லை. மழை பெய்யும் வரி முதல் கடைசிவரை வெட்டிவிட்டு மறுபடி அடித்துத் தரும்படி அவரிடம் கேட்டாள். அவர் உடனே அடித்துக் கொடுத்ததும் கர்ச்சீப்பையும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்தில் பூதம் எரிகிற வரைக்கும் இருந்தது. கீழே ஒரு வரிக்கு இடம். பூதம் சாகிற அந்த வரியை மட்டும் அப்பா முன்னால் தன் கையாலேயே எழுத நினைத்தாள். போட்டிக்காரர்கள் ஒரு வரியைப் பொறுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை. தபால் பை கட்ட ஒன்றரை மணி நேரம். கோவிந்தராஜ் வியர்வையோடு வந்து உட்கார்ந்தார். சமையலறை வாசலில் ஜெயமணி அரிவாள்மனையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாக்க நீட்டுங்க."

"எதுக்கு? உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"நீட்டுங்கப்பா."

நீட்டினார். அடிநாக்கு வரை ஊதா.

"நாவப்பழம் தின்னேன்."

"டிசம்பர்லயா?"

அவர் நாக்கை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இப்ப பொண்ணுகிட்ட நல்லா மாட்டினீங்க" என்றாள் ஜெயமணி, மீனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்க? அவன் உங்களுக்கு என்ன உறவா?" இந்திராணியின் குரல் உடைந்தது. "அவன் மூச்சு எனக்கு இன்னும் கேக்குதுப்பா. கதவச் சாத்தினாலே கேக்குது. அவனக் கொன்னாத்தான் நிக்கும்."

கோவிந்தராஜ் இதை எதிர்பார்க்கவில்லை.

"கேக்குதா? இன்னுமா?" என்றார். "பாப்பா, அது பூதத்தோட மூச்சில்ல. பயந்தவன் மூச்சு. ரெண்டு பக்கமும் சுடறான், பின்னால உங்கம்மா வெறகுக்கட்டையோட தொரத்தறா. உள்ள பொடவ இருக்கும், வித்து நாலு நாள் சாப்பிடலாம்னு தூக்கினவன். உள்ளேருந்து கொழந்த அழுதுச்சு. பெட்டியப் போட்டுட்டு ஓடியிருக்கலாம். நின்னுட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலதான் இருந்தேன்னு சொன்னேனே."

"பக்கத்துல இருந்து ஏன் புடிக்கல?"

இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். 'பூதம்' என்று எழுதினாள்.

அரிவாள்மனைச் சத்தம் நின்றது.

"பேனாவக் கீழ வைடி" என்றாள் ஜெயமணி. "நானும் இருபது வருஷமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தாச்சு. உன்னப் பெத்தவர் அந்தச் சண்டையில மொத வாரமே குண்டு பட்டுப் போயிட்டார்."

பேனா நின்ற இடத்தில் மை ஊறியது. இந்திராணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு ஊதா விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"அப்ப... அப்பா?"

ஜெயமணி கையிலிருந்த மீன் செதிலை உதறினாள்.

"நீ பூதத்தக் கொன்னுட்டா, அப்புறம் நான் யாரக் கட்டிக்கிட்டு இந்த அந்தமானுக்கு வந்தேனாம்?"