அக்கா கல்யாணமும் நான் ஓட்டை போட்ட போன் கவரும்

ஒரு வேலையைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தால், அது நமக்கே கைவந்துவிட்டதாகத் தோன்றும். சத்தியவேடு பக்கத்துக் கம்பெனி ஒன்றில், பிளாஸ்டிக் பாகங்களில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பது அப்போது என் வேலை. (பார்ப்பது மட்டும்தான். செய்வதெல்லாம் மெஷின்.)

குவைத்தில் டிரைவராக இருந்த அண்ணன் ஒரு போன் அனுப்பியிருந்தான். சுமதி அக்கா கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டுவதை அந்தப் போனில் வீடியோ கால் போட்டு நான் காட்ட வேண்டும். கவர் இல்லாமல் போனை வெளியே எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சத்தியவேட்டில் கிடைத்த கவர் அளவில் சரியாக இருந்தது. கேமரா ஓட்டைதான் வேறு மூலையில் இருந்தது.

"இதுக்கின்னாமா? நானே ஓட்டை போட்டுக்கறேன்" என்றேன்.

காய் நறுக்கும் கத்தியை அடுப்பில் காய்ச்சி ஓட்டை போட்டேன். ஓட்டை கடித்த இட்லி மாதிரி வந்தது. சூட்டில் கவர் நெளிந்தும்விட்டது. ஆறுவதற்குள் போனில் மாட்டி அழுத்தினால் வாகாகப் படியும் என்று கணக்குப் போட்டேன். படிந்தது. அப்புறம் கழற்றவே வரவில்லை. (உறுதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.) ஒரு போட்டோ எடுத்துப் பார்த்தேன், பிரமாதம். உருகிய பிளாஸ்டிக் மைக்கை அடைத்துக்கொண்டதையும், சத்தம் கூட்டும் பட்டனை ஒரேயடியாக அமுக்கிப் பிடித்திருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

புத்தூரில் கல்யாணம். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மேளக்காரர் ஓய்வில் இருந்தார். மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சுமதி பக்கத்துல வழுக்கைத் தலையா ஒருத்தர் குந்திகினு கீறாரே," அண்ணன் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது, "மாப்பிள்ளையோட நைனாவா?"

எங்களுக்குக் கொடுத்த போட்டோவில் மாப்பிள்ளைக்கு முடி இருந்தது.

"அண்ணா, அவருதான் மாப்பிள்ளை!" என்று கத்தினேன். மண்டபத்துக்குக் கேட்டது, குவைத்துக்குக் கேட்கவில்லை.

"ஏய், ஒண்ணும் கேக்கல! மாப்பிள்ளை இன்னும் வரலியா? ஓடிட்டாரா?"

மாப்பிள்ளை வீட்டில் தமிழ் புரியாதவர்களுக்கு அண்ணன் பேசியதை ஒருவர் பொறுமையாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார். அவருக்குத் தலை நிறைய முடி. நான் வீடியோ காலைத் துண்டிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "வேணாண்டி! அவன் தாலி பாக்கணும்!" போனை முந்தானையில் சுற்றினேன். "கரண்ட் போய்ட்ச்சா?" என்றது முந்தானை. அக்கா தலை குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை கையை நீட்டி என்னை அருகே அழைத்தார். போனிலிருந்து முந்தானையை விலக்கி, தாலியைக் கேமராவுக்குக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கடைசியாகத் தன் தலையைத் தடவிக் காட்டினார்.

குவைத்திலிருந்து அண்ணன் அலறினான்: "ஐயோ, சாமி!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முதலில் மாப்பிள்ளையின் அப்பா சேர்ந்துகொண்டார், அப்புறம் எல்லோரும். சிரிப்பிலேயே கெட்டிமேளம் தொடங்கியது.

இன்றும் ரேணிகுண்டாவிலிருந்து அக்கா வீட்டுக்காரர் குவைத்துக்குப் போன் போட்டால், தன் பெயரைச் சொல்வதில்லை. "மாப்பிள்ளையோட நைனா பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அண்ணன் அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிடுவானாம்.