அஞ்சலினாவின் கையை நானே பிடிப்பது பற்றி

அன்பும் கொஞ்சம் பயமும் சேர்ந்த மரியாதைக்குரிய திரேசம்மா அக்காவுக்கு,

திருகோணமலையிலிருந்து தம்பி மைக்கல் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நானும் மகள் அஞ்சலினாவும் சுகம். மன்னாரில் நீங்களும், இராசதுரை அத்தானும், அத்தானின் முழங்காலும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். தொலைபேசியில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை, ஆகவே கடிதம்.

வரும் சனிக்கிழமை கலியாணத்தில் அஞ்சலினாவைக் கோவில் பீடம்வரை நான் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, அத்தான்தான் போகவேண்டும் என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று வாசலில் சீனவெடி வெடித்ததும் நான் பாய்ந்து சுவாமியாரைக் கட்டிப்பிடித்தது, அவர் கையிலிருந்த நெல்லிரசம் சம்பந்தியின் மடியில் ஊற்றுண்டது, மன்னிப்புக் கேட்கப் போய் நான் அரைமணி நேரம் அழுதது, எல்லாம் ஊருக்கே தெரியும். ஐம்பத்தெட்டு வயதாகியும் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் என் தேத்தண்ணீரில் பாதி தரைக்குப் போகிறது. பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவின் மகள் நப்லா ஆஸ்பத்திரித் தாதி. அவள், "அங்கிள், இது நோய் வருத்தமில்ல. சிலபேர் பிறவியிலயே இப்படித்தான். மத்தவங்களுக்கு ஒரு கரண்டி சந்தோசம் எண்டா உங்களுக்கு ஒரு சட்டி" என்றாள். நானோ பழகினால் பயம் போகும் என்று நினைத்தேன், அக்கா. அதுதான் பிழை.

போன வியாழன் பின்னேரம் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, கலியாணத்துக்கு வாங்கிவைத்த சீனவெடிக் கட்டொன்றை வாசலில் கொளுத்தினேன். கட்டு வெடித்து முடியும்போது நான் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். எங்கள் ஒழுங்கையில் வெடி கேட்டால் பெண் கோவிலுக்குப் புறப்படுகிறாள் என்றுதானே அர்த்தம்! வெளியே வந்து பார்த்தால் பாதி ஒழுங்கைச் சனம் வாசலில் நிற்கிறது. சிலர் பட்டுச்சேலையில், ஒருவர் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு. ஆமினா உம்மா வட்டிலப்பச் சட்டியுடன் கண் கலங்கி நின்றா. "நாள முன்னுக்கு எடுத்தீங்க, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல்லயே தம்பி. நம்மட கையில வளந்த புள்ளதானே." பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நான் அழுவதைக் கண்டதும் கலியாணம் நடப்பது உண்மைதான் என்று எல்லோரும் முடிவுகட்டி, கதிரைகளைத் தூக்கிவந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலை முடிந்து வந்த அஞ்சலினா வாசல் படலையில் திகைத்து நின்றாள். "ஆருக்கப்பா கலியாணம்?" நான் வெடிப் பயிற்சியைச் சொன்னேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இராசதுரை மாமா கம்பு மாதிரி நிமிந்துதான் வருவார், எனக்குத் தெரியும். நீங்கள் அழுதுகொண்டே வாங்கோ அப்பா. அம்மா போன பிறகு இந்த நடுங்கிற கைதானே எனக்குத் தலை பின்னினது? எனக்கு இதுதான் வேணும்."

அக்கா, அந்த நேரம் வட்டிலப்பத்தில் ஏலக்காய் மணந்தது, கடற்காற்று வந்தது, என் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். எனக்குச் சந்தோசம் தாங்க ஏலவில்லை. இப்படிச் சந்தோசப்படத் தெரியாதவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அத்தானை நினைத்தாலும் கொஞ்சம்.

ஆகவே பீடம்வரை நானே போகிறேன். அழுவேன், திடுக்கிடுவேன், ஆனால் போய்ச் சேருவேன். வெள்ளிக்கிழமை வாருங்கள், கோவிலில் முன்வாங்கில் உட்காருங்கள், என்னை முறைக்காதீர்கள். அத்தானுக்கு என் வணக்கமும் முழங்காலுக்கு என் செபங்களும்.

உங்கள் சொல் கேளாத தம்பி,
மைக்கல்

பி.கு.: கடிதத்தை மன்னார் பஸ்ஸில் கொடுத்துவிட முன்னர் கோவிலில் ஒத்திகை நடந்தது. நடுவில் கப்பல்கூட ஊதியது. நான் அசையவில்லை, ஒரு சொட்டும் விழவில்லை. அஞ்சலினாதான் மூன்றாவது வாங்கைத் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழத் தொடங்கியவள், இன்னும் நிறுத்தவில்லை. அத்தானின் கோட் சூட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். பெண்ணுக்குப் பதிலாக நடக்க ஓர் ஆள் தேவைப்படலாம்.