குலுக்கல் வாக்காளர்

குலுக்கல் வாக்காளர் என்று ஓர் இனம் இருக்கிறது, ஐயா. கடமை, உரிமை என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் போர்வையை விலக்காது; ஸ்கூட்டர் என்று கிசுகிசுத்தால் போதும், பல்கூடத் துலக்காமல் வரிசையில் வந்து நிற்கும்.

எங்கள் தெருமுனைத் தையற்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாக அவர் வாக்குச்சாவடிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. "ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம்?" என்பார், வாயில் குண்டூசியைக் கவ்வியபடி. இந்த முறை ஓட்டுப் போடுகிறவர்களுக்குக் குலுக்கலில் ஸ்கூட்டர் என்று நகராட்சி அறிவித்ததுதான் தாமதம், மனுஷர் மாறிவிட்டார். சட்டை தைக்க வந்தவர்களிடமெல்லாம் ஜனநாயகம் பேசினார், வண்டி என்ன மைலேஜ் கொடுக்கும் என்று விசாரித்தார், கழுத்தில் கிடந்த நாடாவாலேயே வாசலில் வண்டி நிறுத்த இடம் அளந்தார். யார் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அவர்களா வண்டி தருகிறார்கள்?

வாக்குப்பதிவன்று முதல் ஆளாக உள்ளே போனார். போன வேகத்தில் குலுக்கல் கூப்பனோடு வெளியே வந்தார்.

"யாருக்குப் போட்டீங்க?" என்றாள் மனைவி.

"மேலே இருந்தவருக்கு."

"மேலேன்னா?"

"லிஸ்ட்ல மேலே. கடைசி வரைக்கும் படிச்சுக்கிட்டு நிக்க முடியுமா? பின்னாடி எவ்வளவு கூட்டம்!"

"அட பாவி மனுஷா! நம்ம கடை வரிசையை இடிச்சுட்டு கார் நிறுத்த இடம் கட்டுவேன்னு வீடு வீடா சொல்லிட்டுப் போனது அந்த ஆளுதானே!"

"சொன்னா ஆச்சா? ஜெயிக்கணுமே!"

ஜெயித்தார். தையற்காரர் ஒருவர் போட்டா ஜெயித்தார்? வரிசை முழுக்க அதே அவசரம்.

ஸ்கூட்டர் வேறு ஏதோ தெருவுக்குப் போனது. தையற்காரர் கடைக்கு நோட்டீஸ் வந்தது. நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினார்.

"நான் ஓட்டுப் போட்டவன் சார்! என்னைக் கேக்காம எப்படி இடிப்பீங்க?"

குமாஸ்தா நிமிரவே இல்லை. "கேட்டாங்களே. எலெக்‌ஷன் அன்னிக்குக் கேட்டாங்களே. நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

தையற்காரர் பையைத் துழாவி, கசங்கிய கூப்பனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இப்போது வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தைக்கிறார். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு வீடு தெரியாது. யாராவது அனுதாபமாக விசாரித்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்: "எல்லாம் மோசடிங்க. அந்தக் குலுக்கல்ல ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இது எந்த ஊர், அடுத்த குலுக்கல் எப்போது, வெளியூர்க்காரர்களைச் சேர்ப்பார்களா என்று கேட்க நடுவில் ஒருமுறை வாயெடுத்தீர்களே, அதை நான் கவனிக்காமல் இல்லை.